சாவுக் கணக்கிலிருந்து ஊரின் வயதுப் பிரமிடு

ஓர் ஊரின் சாவுப் பதிவேட்டை வைத்து, அதன் வயதுப் பிரமிடு (ஆண், பெண் எண்ணிக்கையை வயதுவாரியான பட்டைகளாக, சின்ன வயசு அடியிலும் பெரிய வயசு மேலேயுமாக அடுக்கிய படம்) ஏன் அந்த வடிவில் இருக்கிறது என்று பார்க்கும் வழி இது. முதலில் முகவரியைச் சரிபாருங்கள். சாவு நடந்த இடத்தில்தான் பதிவாகும், வாழ்ந்த ஊரில் அல்ல. வேலூர் பக்கத்து அணைக்கட்டு ஊர்க்காரர் வேலூர் ஆஸ்பத்திரியில் இறந்தால் அவர் பெயர் ஊர் வி.ஏ.ஓ. பதிவேட்டில் இருக்காது. வைத்தியத்துக்கு மேற்கு வங்கத்திலிருந்து வந்து இறந்தவரோ வேலூர்க் கணக்கில் ஏறிவிடுவார். ‘நிரந்தர முகவரி’யை வைத்துப் பிரிக்காவிட்டால், கிராமத்தில் யாருமே சாகாத மாதிரி இருக்கும்.

5,000 பேர் உள்ள ஊரில் வருஷத்துக்கு நாற்பது சாவு வந்தாலே அதிகம். அதனால் 5 வருஷத்தைச் சேர்த்து எடுங்கள். ஆண், பெண் தனித்தனி. வயது 0, 1–4, பிறகு ஐந்தைந்தாக. வீட்டார் குத்துமதிப்பாகச் சொல்வதால் 60, 65, 70 என்ற வயதுகளில் எண்ணிக்கை குவியும். 55–59க்கும் 60–64க்கும் இடையே பெரிய தாவல் தெரிந்தால் இரண்டையும் ஒன்றாக்கிவிடுங்கள்.

காரணம் எழுதும் இடத்தில் ‘மாரடைப்பு’, ‘முதுமை’ என்று நிறைய இருக்கும். அதை நம்பாதீர்கள், எந்தச் சாவிலும் கடைசியில் இதயம் நிற்கத்தான் செய்யும். வீட்டுக்குப் போய்க் கேளுங்கள்: எத்தனை நாள் படுக்கை, நெஞ்சுவலி வந்ததா, ஒரு பக்கம் கை கால் விழுந்ததா, மாசக்கணக்கில் இருமலா, சுகர் மாத்திரை சாப்பிட்டாரா. வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் சமூக மருத்துவப் பிரிவு இப்படி வீடு தேடிப் போய்ப் பல வருஷமாகக் கேட்டறிகிறது.

இனிப் பிரமிடு. சாவு குறைந்தால் ஊருக்கு வயசாகிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். எந்தச் சாவு குறைந்தது என்பதைப் பொறுத்தது அது. வருஷம் 100 குழந்தை பிறக்கும் ஊரில், பேதியும் தட்டம்மையும் அடங்கி, ஒரு வயசுக்குள் 10 போனது 2 ஆனால், வருஷத்துக்கு 8 பிள்ளை அடிப்பட்டையில் கூடும். ஊர் இளமையாகும்! அவர்களே இருபது, இருபத்தைந்து வருஷம் கழித்துப் பெற்றோராகி அடியை இன்னும் அகலமாக்குவார்கள். 68 வயசில் மாரடைப்பிலிருந்து தப்பியவர் மேல்பட்டையை மட்டுமே நீட்டுவார். ஆனால் பிரமிடின் அடி சுருங்குவதற்கு முக்கியக் காரணம் பிறப்பு குறைவதுதான். அதைச் சாவின் கணக்கில் எழுதாதீர்கள்.

20–39 ஆண் பட்டையில் பள்ளம் இருந்தால் பைக் விபத்து, தற்கொலை, காசநோய் எண்ணிக்கையைப் பாருங்கள். அந்த எண்ணிக்கை பள்ளத்தை நிரப்பாவிட்டால், ஆள் பெங்களூருக்கோ சென்னைக்கோ வேலைக்குப் போயிருப்பார். ரேஷன் கார்டில் பெயர் அப்படியே நிற்கும். வீடு வீடாகத் தலை எண்ணினால்தான் தெரியும்.