வீட்ல ஒருத்தருக்கு டிபி வந்துட்டா: மாத்திரை ஃப்ரீதான், மத்ததெல்லாம் நாமதான் ஏற்பாடு பண்ணணும்

எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கும் எங்க அக்கா வீட்டுக்காரருக்கும் ஒரே வருஷத்துல டிபி வந்துச்சு. ரெண்டு பேருக்கும் அதே நாலு மருந்து, அதே 6 மாசம். ஆபீஸ்காரர் ஒரு மாசம் லீவு போட்டாரு, அப்புறம் ரெண்டு மாசம் வீட்ல உக்காந்தே லேப்டாப்ல வேலை பாத்தாரு, ஒரு நாள் சம்பளம் கூட கட் ஆகல, அவங்கம்மா தினமும் ரெண்டு முட்டை அவிச்சு வச்சாங்க. எங்க மாமா பெயிண்டரு, போனாதான் காசு. 19-வது நாளே ஏணியில ஏறிட்டாரு. மூணாவது மாசம் இருமல் நின்னுடுச்சு, ஓசூர்ல ஒரு சைட்டுன்னு கூப்ட்டாங்க, கெளம்பிட்டாரு, நடுவுல 23 நாள் மாத்திரையே இல்ல. அப்புறம் திரும்ப சளி டெஸ்ட்டு, திரும்ப பயம், கோர்ஸும் நீண்டுச்சு.

இதைக் கேட்டா "அவருக்குப் பொறுப்பில்ல"ன்னு சொல்றவங்க நிறைய பேரு. நானே சொன்னேன். ஆனா அந்த 6 மாசமும் கூட இருந்து பாத்தா தெரியும், ஆபீஸ்காரருக்கு பொறுப்பா இருக்கறதுக்கு எந்த செலவும் இல்ல, மாமாவுக்கு ஒவ்வொரு நாள் ரெஸ்ட்டும் ஒரு நாள் கூலி. அதனால கூலி வேலை பாக்கற வீட்ல இத எப்படி சமாளிக்கறதுன்னு நாங்க அடிபட்டு கத்துக்கிட்டத எழுதறேன். நான் டாக்டர் கிடையாது, மருந்து விஷயத்துல அவங்க சொல்றதுதான்.

முதல்ல, டெஸ்ட்டுக்கு லேட் பண்ணாதீங்க. ரெண்டு வாரத்துக்கு மேல இருமல், சாயங்காலம் ஆனா காய்ச்சல், சட்டை லூஸ் ஆகுது, ராத்திரி வேர்க்குது, இதுல எது இருந்தாலும் நேரா பிஎச்சியோ ஜிஎச்சோ போயிடுங்க. நம்ம ஆளுங்க என்ன பண்ணுவாங்க, மொத வாரம் மெடிக்கல் ஷாப்ல ஒரு சிரப், அடுத்த வாரம் தெருமுனை கிளினிக்ல ஒரு ஊசி, அப்புறம் "ரத்தம் எடுத்துப் பாப்போம்", அப்புறம் ஸ்கேன்னு, நோய் என்னன்னு தெரியறதுக்குள்ளயே கையில இருக்கறது காலி. எங்க அக்கா கம்மல் அடகுக்குப் போனது அந்த நேரத்துலதான், மாத்திரைக்காக இல்ல. ஜிஎச்ல சளி டெஸ்ட்டு, எக்ஸ்ரே, மாத்திரை எல்லாமே ஃப்ரீ. சிபிநாட் டெஸ்ட்டு பண்ணச் சொல்லி கேளுங்க, கிருமி இருக்கான்னும் சொல்லும், டிபிக்கு முக்கியமான ரிஃபாம்பிசின் மருந்துக்கு அது கட்டுப்படுமான்னும் சொல்லும். டப்பால எச்சில் துப்பிக் கொடுத்துட்டு வந்தா பிரயோஜனம் இல்ல, காலைல எழுந்ததும் வாய் கொப்பளிச்சிட்டு, மூச்ச நல்லா இழுத்து, நெஞ்சுல இருந்து இருமி வர்ற கெட்டி சளிதான் வேணும். மாமா மொத தடவ கொடுத்தது வெறும் எச்சில், அதுல ஒரு வாரம் போச்சு. கூடவே சுகர் டெஸ்ட்டும் எடுத்துருங்க, சுகர் கன்ட்ரோல்ல இல்லன்னா டிபி ஆறுறதும் கஷ்டமாகும்.

டிபின்னு தெரிஞ்ச அன்னிக்கே எடை, மூச்சு, ஆக்சிஜன், கால் வீக்கம், தானா நிக்க முடியுதா, இதெல்லாம் பாத்தாங்களான்னு கேளுங்க. தமிழ்நாட்டுல 2022-ல இருந்து காசநோய் இறப்பில்லாத் திட்டம்னு ஒண்ணு ஓடுது, இந்த அஞ்சையும் பாத்து, ரொம்ப மோசமா இருக்கறவங்கள உடனே அட்மிட் பண்றதுதான் அதுல முக்கியம். எலும்பும் தோலுமா இருக்கற ஆள "மாத்திரை வாங்கிட்டு வீட்டுக்குப் போங்க"ன்னு அனுப்பினா "சார் எடை இவ்ளோதான் இருக்கு, அட்மிஷன் வேணாமா"ன்னு நீங்களே கேக்கணும். கேட்டா திட்டுவாங்களோன்னு பயப்படாதீங்க. இங்கிலீஷ் பேசற ஆளு கேள்வி கேட்டா பதில் வருது, லுங்கி கட்டின ஆளு கேட்டா "வெளிய உக்காரு"ன்னு வருது, இத என் கண்ணாலயே பாத்தேன். அதனால முதல் ரெண்டு மூணு தடவ வீட்ல யாராவது கேள்வி கேக்கற ஆளு கூட போங்க.

மாத்திரை விஷயம். எடைய வச்சுதான் எத்தனைன்னு கொடுப்பாங்க, 35-ல இருந்து 49 கிலோன்னா ஒரு நாளைக்கு 3, 50-ல இருந்து 64-ன்னா 4. எடை ஏறினா எண்ணிக்கையும் மாறலாம், அதனால மாசா மாசம் எடை போடச் சொல்லுங்க. மூத்திரம் ஆரஞ்சு கலர்ல போகும், பயப்படாதீங்க, அது மருந்தோட கலரு. ஆனா கண்ணு மஞ்சளாச்சு, வாந்தி நிக்கல, பார்வை மங்குது, இதுல எதுன்னாலும் அன்னிக்கே ஆஸ்பத்திரி. தண்ணி போடறவரா இருந்தா அத டாக்டர்ட்ட மறைக்காதீங்க, ஈரல் ரெண்டு பக்கமும் அடி வாங்கும். மாமாவுக்கு காலைல வெறும் வயித்துல போட்டுட்டு 7 மணி பஸ்ல போனா குமட்டல், அதுக்காகவே தினமும் தள்ளிப் போட்டாரு, டாக்டர்ட்ட சொன்னதும் நைட்டுக்கு மாத்திக் கொடுத்தாங்க, பிரச்சனை அதோட தீந்துச்சு. இந்த மாதிரி சின்ன விஷயத்துலதான் கோர்ஸ் உடையுது.

வேலைக்காக ஊர் மாறணும்னா மாத்திரைய விட வேண்டிய அவசியமே இல்ல. பதிவு பண்ணும்போது ஒரு நிக்‌ஷய் நம்பர் கொடுப்பாங்க, அத போன்ல போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, கெளம்பறதுக்கு முன்னாடி டிபி சூப்பர்வைசருக்கு ஒரு போன் போட்டா போற ஊர் சென்டருக்கு மாத்தி விட்டுருவாங்க. இது எங்களுக்கு அப்ப தெரியாது. தெரிஞ்சிருந்தா அந்த 23 நாள் போயிருக்காது.

இங்க ஒரு பழைய கதை சொல்லணும். 1956-ல மெட்ராஸ் சேத்துப்பட்டுல ஒரு டிபி ஆராய்ச்சி மையம் ஆரம்பிச்சாங்க, இப்பவும் அதே இடத்துல ஐசிஎம்ஆர்ங்கற மத்திய அரசு மருத்துவ ஆராய்ச்சி அமைப்போட நிறுவனமா இருக்கு. அந்தக் காலத்துல டிபின்னா சானடோரியம்ங்கற டிபி ஆஸ்பத்திரி, காத்து, பால், முட்டை, மாசக்கணக்குல படுக்கை. அதுக்கெல்லாம் ஏழைங்க எங்க போவாங்க? அதனால நெருக்கடியான வீடுகள்ல வாழ்ந்த நோயாளிங்கள ரெண்டா பிரிச்சு, பாதிப் பேரு சானடோரியத்துல, பாதிப் பேரு அவங்கவங்க வீட்லயேன்னு ஒரே மருந்தக் கொடுத்துப் பாத்தாங்க. 1959-ல ரிசல்ட் வந்துச்சு. சானடோரியத்துல இருந்தவங்க எடை அதிகமா போட்டாங்க, ஆனா நுரையீரல் ஆறினதுல பெரிய வித்தியாசம் இல்ல. வீட்டு ஆளுங்களுக்கு கூடுதலா தொத்தவும் இல்ல. உலகம் முழுக்க சானடோரியங்கள மூட வச்ச ஆராய்ச்சிகள்ல இது முக்கியமானது. ஆனா அந்த ஏழைங்கள சும்மா மாத்திரை கொடுத்து அனுப்பிடல, ஆளுங்க வீடு தேடிப் போயி சாப்ட்டாங்களான்னு பாத்தாங்க. குடிசையில இருந்தாலும் மருந்து விடாம போச்சுன்னா ஆறும், அதுக்கு யாராவது பின்னாடியே இருக்கணும். உங்க வீட்ல அந்த ஆளு யாருன்னு மொத நாளே முடிவு பண்ணிடுங்க. எங்க வீட்ல கடைசில அது அக்காவோட எட்டாவது படிக்கற பொண்ணு, காலண்டர்ல டிக் போட்டுட்டுதான் தூங்கப் போவா.

அப்ப சாப்பாடு முக்கியமில்லையான்னு கேப்பீங்க. முக்கியம். ஜார்க்கண்ட்ல பண்ண ஒரு ஆராய்ச்சி 2023-ல வந்துச்சு, டிபி நோயாளிக்கு அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய்னு எல்லாம் சேத்து மாசம் 10 கிலோ கொடுத்து, வீட்டுல மத்தவங்களுக்கும் ஆளுக்கு 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ பருப்பு கொடுத்தாங்க. அந்த வீடுகள்ல புதுசா டிபி வர்றது 39 சதவீதம் கொறஞ்சுச்சு. நோயாளிகள்ல முதல் ரெண்டு மாசத்துல எடை ஏறினவங்க சாகறதும் ரொம்ப கம்மியா இருந்துச்சு. மாத்திரை கிருமியக் கொல்லும், ஆனா 38 கிலோ உடம்பு அந்த ரெண்டு மாசத்தத் தாண்டணுமே.

அதுக்கு அரசாங்கப் பணம் இருக்கு, நிக்‌ஷய் போஷன். 2018-ல மாசம் 500, 2024 நவம்பர்ல இருந்து 1000. 3000, 3000-ன்னு ரெண்டு தவணையா அக்கவுண்ட்ல விழும். அக்கவுண்ட்ல ஆதார் சேந்திருக்கணும், அதுலதான் பாதிப் பேருக்கு நிக்குது, மாமாவோட அக்கவுண்ட் பல வருஷமா தூங்கிட்டு இருந்துச்சு. மொத வாரமே பேங்க்ல போயி சரி பண்ணிடுங்க. உழவர் பாதுகாப்பு அட்டை இருக்கற குடும்பம்னா விஏஓகிட்ட அதுலயும் கேளுங்க. பணம் வந்ததும் ஹார்லிக்ஸ் டப்பா, ஆப்பிள்னு போகாதீங்க, பாக்க வர்றவங்க கொண்டு வர்ற அந்த ரெண்டு ஆப்பிள்ல ஒண்ணும் இல்ல. தினம் ஒரு முட்டை, ரேஷன் துவரம்பருப்பு கிலோ 30 ரூபா, ஒரு கை வேர்க்கடல, கேழ்வரகு கூழு, கருவாடு, சுண்டல், இது போதும். இன்னொண்ணு, சாப்பாடு தட்டுல போட்டதும் யாரு சாப்புடறாங்கன்னு பாருங்க. அக்கா முட்டைய வப்பா, மாமா பாதிய பிச்சு பசங்களுக்கு ஊட்டிடுவாரு. அப்புறம் முட்டை வாங்கினா எல்லாருக்கும் வாங்கறதுன்னு ஆச்சு, வேற வழி இல்ல.

வேலை எடத்துல பிஎஃப், இஎஸ்ஐ புடிக்கறாங்கன்னா நீங்க அதிர்ஷ்டசாலி. இஎஸ்ஐல டிபி நீண்டகால நோய் லிஸ்ட்ல இருக்கு, ரெண்டு வருஷம் தொடர்ந்து வேலை பாத்திருந்தா கூலில 80 சதவீதம் வரைக்கும் வீட்ல இருந்தே வாங்கலாம். பக்கத்துத் தெருவுல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி அக்காவுக்கு இப்படி இருக்குன்னே தெரியாது, லீவு கேட்டா வேலை போயிடும்னு மாத்திரைய பாத்ரூம்ல ஒளிஞ்சு முழுங்கிட்டு இருந்தாங்க. மாமா மாதிரி கான்ட்ராக்டருக்கு வேலை பாக்கறவங்களுக்கு அந்தப் பேச்சே இல்ல. நாங்க பண்ணது, சொந்தக்காரங்க அஞ்சு வீடு சேந்து ரெண்டு மாச வாடகைய மட்டும் ஏத்துக்கிட்டோம். இத மொத மாசமே பண்ணியிருக்கணும், அவரு ஏணி ஏறினதுக்கப்புறம்தான் புத்தி வந்துச்சு. திரும்ப வேலைக்குப் போகும்போதும் டைல்ஸ் கட்டிங், சுவர் தேய்க்கற வேலை வேணாம், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகவே ஆகாது.

ஹவுஸ் ஓனருக்குச் சொல்லணுமா? கட்டாயம் இல்ல. மருந்து ஒழுங்கா ஆரம்பிச்சு ரெண்டு வாரம் போல ஆனா பெரும்பாலும் பரவறது ரொம்ப கொறஞ்சுடும். அதுவரைக்கும் மாஸ்க்கு, ஜன்னல தொறந்து வைக்கறது, ஒரே ரூம் வீடுன்னா அவரு படுக்கைய ஜன்னல் பக்கம் போடறது. தட்டு, டம்ளர தனியா வச்சு மனசக் கஷ்டப்படுத்தாதீங்க, இது காத்துல பரவுறது, தட்டுல இல்ல.

வீட்ல மத்த எல்லாரையும் டெஸ்ட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, அஞ்சு வயசுக்குள்ள குழந்தை இருந்தா மொதல்ல அது. டிபி இல்லன்னாலும் வராம இருக்க தடுப்பு மாத்திரை ஃப்ரீயா கொடுக்கறாங்க. சந்தேகம்னா 104-க்கு போன் பண்ணுங்க, டிபிக்குன்னே 1800-11-6666 இருக்கு. கோர்ஸ் முடிஞ்சதும் கடைசி சளி டெஸ்ட்ட விட்டுறாதீங்க, அந்த ரிசல்ட் பேப்பர லேமினேட் பண்ணி வைங்க. மாமா அத பர்ஸ்லயே வச்சிருக்காரு, கான்ட்ராக்டர் கேட்டா காட்டறதுக்கு.