குழாயே இல்லாத பிள்ளையிடம் குழாயை மூடச் சொல்லலாமா?

"பல் துலக்கும்போது குழாயை மூடுங்கள்" என்று ஆறாம் வகுப்பில் சொல்லி முடித்தேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு சிறுமி எழுந்தாள். "எங்கள் வீட்டில் குழாயே இல்லையே, சார்?"

தெருக்குழாயில் தினமும் ஆறு குடம் பிடித்து வைத்துவிட்டுப் பள்ளிக்கு வருபவள் அவள். அளந்து அளந்து புழங்குகிறவர்களுக்கே சிக்கனம் போதிப்பதுதான் வறட்சிப் பாடத்தில் நாம் செய்யும் முதல் தவறு. மறுநாள் அவளையே பேசச் சொன்னேன். எந்தக் குடம் குடிக்க, எது சமைக்க, அரிசி களைந்த கழுநீர் எந்த வீட்டு மாட்டுக்கு என்று அவள் சொன்ன கணக்கு என் பாடக்குறிப்பில் இல்லை.

அடுத்த தவறு, பாளம் பாளமாக வெடித்த நிலத்தின் படம். அதைப் பார்க்கும் பிள்ளை, வறட்சி என்றால் மழையே பெய்யாத ஊர் என்று நினைத்துக்கொள்கிறது. சென்னையை எடுத்துக்கொள்ளுங்கள். 2015 டிசம்பரில் வெள்ளத்தில் மிதந்த நகரம் அது. 2018-இல் வடகிழக்குப் பருவமழை குறைந்தது. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறக்குறைய வற்றிவிட்டன. வெள்ளமாக வந்த தண்ணீரை ஏன் பிடித்து வைக்க முடியவில்லை என்று கேளுங்கள். தூர்ந்த ஏரி, ஆக்கிரமித்த வரத்துக்கால்வாய், உடைந்த மதகு எல்லாம் பேச்சில் தானாக வந்து சேரும்.

அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். கேட்டதும் பிள்ளைகள் வாய் பிளப்பார்கள். உடனே நகரத்தின் மக்கள்தொகையால் வகுக்கச் சொல்லுங்கள். தலைக்கு அரை லிட்டர்கூடத் தேறாது.

ஓவியப் போட்டியைப் பற்றி என்ன சொல்ல? அழும் பூமியை வரைந்த தூரிகைகளைக் கழுவப் போன தண்ணீரை ஒருமுறை வாளியில் பிடித்துப் பார்த்தேன். அதன்பிறகு நான் போட்டி வைப்பதில்லை.

பாட்டிலை வெட்டி, மழையை அளக்கும் மழைமானி செய்ய வைப்பது நல்ல வேலை. ஆனால் பாட்டிலின் அடி மேடுபள்ளமாக இருப்பதை மறந்துவிடுகிறோம். அடியில் கூழாங்கல் போட்டு, அது மூழ்கும்வரை தண்ணீர் விட்டு, அந்த மட்டத்தைப் பூஜ்யம் என்று குறிக்க வேண்டும். இல்லையென்றால் அளவு தப்பும். அளந்ததோடு நிறுத்துவதும் தவறுதான். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி மாடியில் 10 மில்லிமீட்டர் பெய்தால் சுமார் 930 லிட்டர், அதாவது 15 லிட்டர் குடத்தில் 62 குடம். அந்தச் சிறுமிக்குப் பத்து நாள் நடை மிச்சம்.

தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு 2003-இல் கட்டாயமானது. உங்கள் பள்ளியிலும் தொட்டி இருக்கும். அதன் மூடியைத் திறக்காமலே பாடத்தை முடித்துவிடாதீர்கள். எங்கள் பள்ளியில் பிள்ளைகள் மாடிக்குழாயைத் தொடர்ந்து இறங்கிப் போனார்கள். அது தொட்டிப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. நேராகச் சாக்கடையில் போய் முடிந்தது.