உதவி விண்ணப்பங்களை ஏஐ-யிடம் கொடுக்கும் முன்: பெயர் நீக்கும் படலம்

எங்கள் அறக்கட்டளை சின்னது. ஜூன் வந்தால் பள்ளி, கல்லூரிக் கட்டணத்துக்கு உதவி கேட்டு விண்ணப்பங்கள் வரும். தன்னார்வலர்கள் வீட்டுக்கே போய்ப் பார்த்து ஒன்றிரண்டு பக்கம் தட்டச்சு செய்து அனுப்புவார்கள். இந்த முறை 43 பேர். தேர்வுக் குழுவுக்காக ஒவ்வொன்றையும் பத்து வரியில் சுருக்கித் தரும் வேலை என் தலையில் விழுந்தது. சாட்ஜிபிடி என்ற ஏஐ (செயற்கை நுண்ணறிவு) கருவியை வைத்து முடித்தேன். கணக்குத் தொடங்குவது, காப்பி-பேஸ்ட் எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: சம்மதம்

"சுருக்கம் தயாரிக்க ஏஐ கருவியைப் பயன்படுத்துவோம், பெயர், முகவரி அதில் போகாது" என்று படிவத்தில் ஒரு வரி சேர்த்து, பெற்றோரிடம் கையெழுத்து வாங்குங்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயது நிறையாத எல்லோரும் குழந்தைகள்தான். பிளஸ் டூ முடித்த பலருக்கும் 17 தான் ஆகியிருக்கும். விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கையாகி, முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் இருக்கிறது. அதுவரை காத்திருக்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

படி 2: அமைப்பு

சாட்ஜிபிடி அமைப்புகளில் 'டேட்டா கண்ட்ரோல்ஸ்' போய், 'இம்ப்ரூவ் த மாடல் ஃபார் எவ்ரிஒன்' என்பதை (நாம் ஒட்டுவதை வைத்து ஏஐ-க்குப் பயிற்சி கொடுக்கும் அனுமதி) அணைத்துவிடுங்கள். இதை அணைத்தாலும் நாம் ஒட்டுவது சாட்ஜிபிடி நிறுவனத்தின் சர்வருக்குத்தான் போகிறது. அதனால்தான் அடுத்த படி.

படி 3: பெயர் நீக்கம்

எனக்கு ஒரு ராத்திரியைத் தின்ற இடம் இது. ஆளுக்கொரு குறியீடு: மா-01, மா-02. எந்தக் குறியீடு யாருக்கு என்ற பட்டியல் நோட்டுப் புத்தகத்தில், பேனாவால். 'முருகன்' என்று தேடி எல்லா இடத்திலும் 'மா-07' என மாற்றினேன். முடிந்தது என்று நினைத்து மறுபடி படித்தால், 'முருகனுக்கு இரண்டு தங்கைகள்' என்று அப்படியே இருக்கிறது!

காரணம், கணினிக்கு 'ன்' என்பது ன-வும் புள்ளியும். 'னு' என்பது ன-வும் உகரக் குறியும். புள்ளியோடு தேடினால் வேற்றுமை உருபு ஏறிய பெயர் எதுவும் சிக்காது. சரியென்று புள்ளியை விட்டுவிட்டு 'முருகன' என்று தேடி மொத்தமாக மாற்றினேன். பெயர் போனது, ஆனால் குறியீட்டின் வாலில் ஒட்டிய உகரக் குறி, புள்ளிவட்டத்தோடு அந்தரத்தில் தொங்கியது. 'செல்வம்' இன்னும் மோசம். அது 'செல்வத்துக்கு' என்று ஆகும்போது மகர மெய்யே காணாமல் போய்விடுகிறது. 'செல்வ' என்று தேடினால் 'செல்வாக்கு' வந்து நிற்கிறது.

கடைசியில் கைகொடுத்த வழி: பெயரின் முன்பாதியை மட்டும் தேடுங்கள், 'எல்லாம் மாற்று' பொத்தானைத் தொடாதீர்கள், ஒவ்வொன்றாகப் பார்த்து 'மா-07-க்கு' என்று கையால் திருத்துங்கள். இதற்கு வேர்டைவிட நோட்பேட்++ எனக்குப் பிடிக்கும். வெறும் எழுத்து மட்டும் இருக்கும், வேறு வேஷம் இல்லை. வீட்டில் கூப்பிடும் பெயரையும், ஆங்கில எழுத்தில் எழுதியிருக்கும் பெயரையும் தனித்தனியே தேட வேண்டும். ஆதாரின் 12 இலக்கம், கைபேசி எண், வங்கிக் கணக்கு எண் எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். சுருக்கத்துக்கு அவை எதற்கு?

படி 4: சுருக்கம்

நான் கொடுத்த கட்டளை: "குறிப்பில் இருப்பதை மட்டும் பத்து வரியில் எழுது. இல்லாததை 'தகவல் இல்லை' என்று போடு. பரிந்துரை வேண்டாம்."

அப்படியும் வழுக்கும். 'அம்மா சித்தாள்' என்று ஒரு குறிப்பு. சுருக்கத்தில் 'தாயாரின் பெயர் சித்தாள்' என்று வந்தது. சிரித்துவிட்டேன். அடுத்தது சிரிப்பாக இல்லை: 'அப்பாவுக்கு முடியல' என்பதை 'தந்தைக்குக் கட்டணம் செலுத்த வசதி இல்லை' என்று எழுதியிருந்தது. அந்த மனிதர் படுத்த படுக்கை. அதற்குப் பிறகு 43 சுருக்கத்தையும் மூலக் குறிப்போடு வரிவரியாக ஒப்பிட்டேன். வீட்டுக்குப் போய் வந்தவரே ஒப்பிட்டால் இன்னும் நல்லது.

படி 5: வரிசைப்படுத்தச் சொல்லாதீர்கள்

ஆர்வக் கோளாறில் 'யாருக்கு அதிகத் தேவை?' என்று ஒருமுறை கேட்டேன். புது உரையாடலில் அதையே மறுபடி கேட்டால் வரிசை மாறிவிட்டது. உதவி கிடைக்காத பிள்ளையின் அம்மா வந்து காரணம் கேட்டால், பதில் சொல்ல ஒரு மனிதர் வேண்டாமா? முடிவு குழுவுடையது.



பின்சேர்க்கை: கோப்பின் பெயரிலேயே பிள்ளையின் பெயர் இருக்கிறதே என்று ஒரு வாசகர் கேட்டார். உண்மைதான், எனக்கும் இருந்தது. கோப்பை ஏற்றாமல், எழுத்தை மட்டும் ஒட்டுங்கள். இன்னொருவர், "ஊர் பெயரும் 'தீ விபத்தில் தகப்பனை இழந்தவர்' என்பதும் சேர்ந்தால், பெயரே வேண்டாமே" என்றார். இப்போது ஊரை எடுத்துவிட்டு மாவட்டம் மட்டும் வைக்கிறேன். அப்படியும் அடையாளம் தெரியும் என்று தோன்றுகிற மூன்று நான்கு விண்ணப்பங்களை ஏஐ பக்கமே கொண்டுபோவதில்லை. கையாலேயே சுருக்கிவிடுகிறேன், ஒன்றுக்கு இருபது நிமிஷம் ஆகிறது.