முயல் சோடியை ஏற்றிச் செல்லும்போது விடும் தவறுகள்

கோழியின் காலைக் கட்டி சைக்கிள் ஹாண்டிலில் தொங்கவிட்டுக் கொண்டுபோன பழக்கம் வன்னியில் பலருக்கு உண்டு. அதே கைப்பழக்கம் முயலிலும் வந்துவிடுகிறது: உரப்பைக்குள் போட்டு வாயைக் கட்டுவது, காதில் பிடித்துத் தூக்குவது. முயல் பெரும்பாலும் கத்தாது. பயந்தால் உறைந்துபோய் இருக்கும். அதைப் பார்த்து "சாதுவாகத்தானே இருக்கு" என்று நினைத்துவிடுகிறோம். வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு ஏறத்தாழ 80 கிலோமீற்றர்தான். அதற்குள்ளேயே ஒரு முயல் செத்துப்போக முடியும்.

முதல் எதிரி வெக்கை. முயலுக்கு வியர்க்காது, உடம்புச் சூட்டைக் காதுகள் வழியாகவும் வேகமாக மூச்சுவிட்டும்தான் இறக்குகிறது. 28 பாகை செல்சியசைத் தாண்டினாலே அதற்குச் சிரமம். வெக்கையான கச்சான் காற்று வீசும் மாதங்களில் A9 வீதியில் காலை பத்து மணிக்கு என்ன சூடு இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பகல் சாப்பாட்டை முடித்துவிட்டுப் புறப்படுவதுதான் மிகப் பெரிய பிழை. காலை 5 மணிக்குப் புறப்பட்டு, வெயில் ஏற முன்னர் போய்ச் சேர்வதாகத் திட்டமிடுங்கள்.

பஸ்ஸில் சாரதிக்குப் பக்கத்திலுள்ள எஞ்சின் மூடியின் மேல் பெட்டியை வைக்கச் சொல்வார்கள். வைக்காதீர்கள், அது அடுப்பு. பின்பக்கப் பொதி அறையும் ஆகாது. காற்றுமில்லை, புகையும் வரும். மடியில், ஜன்னல் வெயில் படாத பக்கம் வைத்திருங்கள். மோட்டார் சைக்கிள் என்றால் பின்னால் ஒருவர் இருந்து மடியில் வைத்துப் பிடிக்கவேண்டும். கரியரில் கட்டினால் கிறவல் வீதியின் குலுக்கல் முழுவதும் முயலுக்குத்தான். போதாததற்குச் செம்மண் தூசி. சொந்த வாகனத்தில் கதவைப் பூட்டி விட்டுவிட்டு மாங்குளத்தில் தேத்தண்ணி குடிக்கப் போகாதீர்கள். பத்து நிமிடம் போதும், உள்ளே தாங்கமுடியாத சூடாகிவிடும்.

ஒரு லீற்றர் போத்தலில் முக்கால்வாசி தண்ணீர் விட்டு உறையவைத்து, தடித்த துவாயில் சுற்றி, பெட்டியின் ஒரு மூலையில் வையுங்கள். நடுவில் வேண்டாம், குளிர் பிடிக்காவிட்டால் முயல் விலகிப்போக இடம் வேண்டும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், வாயோரம் ஈரமானால், சோர்ந்து சரிந்தால் அது ஆபத்துக் கட்டம். நிழலில் நிறுத்தி, சாதாரண தண்ணீரில் நனைத்த துணியால் காதுகளை ஒற்றிக்கொண்டே கால்நடை வைத்தியரிடம் கொண்டு ஓடுங்கள். வாளித் தண்ணீரில் அமிழ்த்துவதும் ஐஸ் தண்ணீர் ஊற்றுவதும் அதிர்ச்சியிலேயே கொன்றுவிடும்.

அடுத்தது பெட்டி. கடதாசிப் பெட்டி சிறுநீரில் ஊறி அடி கழன்றுவிடும், இல்லையென்றால் முயல் அதைக் கடித்துத் திறந்துவிடும். சந்தைக்கு மரக்கறி ஏற்றும் பிளாஸ்ரிக் கூடை நல்லது. இரண்டு முதல் மூன்று கிலோ நிறையுள்ள இரண்டு முயல்களுக்கு 60 சென்ரிமீற்றர் நீளம், 40 அகலம், 30 உயரம் போதும். இதைவிடப் பெரிதானால் பிரேக் பிடிக்கும்போது உருண்டு அடிபடும். மேலே கம்பிவலை வைத்து நான்கு பக்கமும் கட்டுங்கள். வெட்டிய கம்பி முனைகளை வெளிப்பக்கம் மடியுங்கள். அடியில் வழுக்காத பழைய சாக்கு, அதன்மேல் தூசி தட்டிய வைக்கோல். வெறும் பிளாஸ்ரிக்கில் கால் வழுக்கினால் முயல் பதறி உதைக்கும். அதன் பின்னங்கால்களுக்கு இருக்கும் பலம் எலும்புக்கு இல்லை, தன் உதையிலேயே முதுகெலும்பு முறியலாம். தூக்கும்போதும் இதே கதைதான்: ஒரு கை நெஞ்சின் கீழ், மறு கை பின்புறத்தைத் தாங்கியபடி. கூடையை ஒரு கிழமை முன்னரே கூட்டுக்குள் வைத்துப் பழக்கினால் அன்றைக்குத் துரத்திப் பிடிக்கவேண்டியதில்லை.

"வழியில் அசிங்கப்படுத்தும்" என்று பட்டினி போடாதீர்கள். முயலுக்கு வாந்தி எடுக்க முடியாது, ஆகவே பட்டினியால் எந்தப் பயனும் இல்லை. குடல் ஓடிக்கொண்டே இருக்கவேண்டிய பிராணி அது. நின்றால் உயிருக்கே ஆபத்து. கூடைக்குள் புல்லைத் தாராளமாகவும், கழுவி ஈரம் வடித்த பழக்கமான கீரையை ஒரு கைப்பிடியும் போடுங்கள். தண்ணீர்ப் பாத்திரம் கவிழ்ந்து உடம்பை நனைக்கும். மணித்தியாலத்துக்கு ஒருமுறை நிறுத்திக் கொடுங்கள்.

ஒன்றாய் வளர்ந்த சோடியைத் தனித்தனிக் கூடையில் ஏற்றவேண்டாம். ஒன்றின் மணமும் சூடும் மற்றதுக்கு ஆறுதல். பிரித்துக் கொண்டுபோய்ப் பிறகு சேர்த்தால் அடிபடவும் கூடும். வெவ்வேறு வீட்டில் வாங்கிய இரண்டென்றால் நேர்மாறு, தனிக் கூடைதான். பருவமெய்திய இரண்டு கடுவன்களுக்கும் அப்படியே. சினைக்காலம் ஏறத்தாழ 31 நாள். கடைசிக் கிழமையில் பெட்டையை அசைக்காதீர்கள்.

நித்திரை வரட்டும் என்று வீட்டுக் குளிசைகளைக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். மற்ற மருந்துகளிலும் கவனம்: நாய் உண்ணிக்கு அடிக்கும் பிப்ரோனில் என்ற மருந்து முயலுக்கு நஞ்சு. வாயால் கொடுக்கும் அமொக்சிசிலின் என்ற கிருமிகொல்லி மருந்து குடலைக் கெடுத்துக் கொன்றுவிடும்.

வந்து சேர்ந்ததும் பிள்ளைகள் தூக்கிக் கொஞ்ச ஆசைப்படுவார்கள். ஒரு நாள் பொறுக்கச் சொல்லி, நாய் எட்டாத இருண்ட மூலையில் விடுங்கள். அன்று மாலை புழுக்கையை எண்ணிப் பாருங்கள். 12 மணித்தியாலமாகத் தின்னாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால், கூனிக்கொண்டு பல்லை நறநறத்தால், விடியும்வரை காத்திருக்காமல் வைத்தியரைத் தேடுங்கள். வாங்கிய வீட்டில் தின்ற தீனியில் இரண்டு கிலோ கேட்டு வாங்கி வந்திருந்தால், அதனுடன் புதியதைக் கொஞ்சங்கொஞ்சமாகக் கலந்து ஏழு முதல் பத்து நாளில் மாற்றலாம்.