டயட் தொடங்குமுன் மாத்திரைச் சீட்டை எடுங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

“கீட்டோ நல்லதா, பேலியோ நல்லதா, இல்ல பதினாறு மணி நேரம் வயித்தக் காயப்போடுறது நல்லதா?” பாளையங்கோட்டையில் உணவு ஆலோசனை சொல்லிப் பிழைக்கிற எனக்கு வாரம் தவறாமல் வரும் கேள்வி இது. கீட்டோ என்றால் மாவுச்சத்தை ஏறக்குறைய விட்டுவிட்டுக் கொழுப்பைக் கூட்டுவது; பேலியோ என்றால் தானியத்தையும் சீனியையும் விட்டு இறைச்சி, முட்டை, காய்கறி என்று சாப்பிடுவது. நான் திருப்பிக் கேட்பது, “மாத்திரை என்ன போடுதிய?” என்றுதான். கேட்டதும் முகம் சுருங்கிவிடும். எடை குறைக்க வந்த இடத்தில் நோயைப் பற்றிப் பேச யாருக்குப் பிடிக்கும்?

பரோட்டா, பேக்கரி, ராத்திரி பத்து மணிக்குப் பிரியாணி பற்றியெல்லாம் இங்கே எழுதவில்லை. அதெல்லாம் தவறு என்று சாப்பிடுகிறவருக்கே தெரியும். நல்லது என்று நம்பி, ஒழுங்காகக் கடைப்பிடித்து, அந்த ஒழுங்காலேயே மாட்டிக்கொள்கிற விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

சோற்றை நிறுத்திவிட்டு மாத்திரையைத் தொடர்வது

புதிதாக டயட் தொடங்குகிறவர்கள் திரும்பத் திரும்ப இதில்தான் வந்து விழுகிறார்கள். எத்தனை பேருக்குச் சொன்னாலும் எனக்கு எரிச்சல் அடங்கவில்லை.

மார்க்கெட் பக்கம் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி. ஐம்பதைத் தாண்டியவர், ரொம்ப வருஷமாகச் சுகர். மருமகன் வாட்ஸப்பில் அனுப்பிய அட்டவணையைப் பார்த்துவிட்டு சோறு, இட்லி, பழம் எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டுவிட்டார். முட்டை, மீன், தேங்காய், கீரை மட்டும். ஒரு வாரம்கூட ஆகவில்லை. காலையில் கடை ஷட்டரைத் தூக்கும்போது கை நடுக்கம், சட்டை நனைய வியர்வை, பேச்சுக் குழறல். நெஞ்சுவலி என்று பயந்து ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடினார்கள். இதயத்தில் ஒன்றுமில்லை, ரத்தச் சர்க்கரை 46. கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரையை ஒரு வேளை தவறாமல் போட்டுக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் வந்தபோது கேட்டார்: “சாப்பாட்டத்தான் மாத்தியாச்சு, மாத்திரையாவது ஒழுங்கா போடணும்லா?”

கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கிளிமிபிரைடு, கிளிக்கிளசைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. தட்டில் மூன்று கரண்டி சோறு இருக்கிறதா, ஒரு ஆம்லெட் இருக்கிறதா என்று அவை பார்ப்பதில்லை. வழக்கமான சாப்பாட்டுக்குக் கணக்குப் போட்டு எழுதிய அளவு அது. மாவுச்சத்தை முக்கால்வாசி குறைத்தபிறகு அதே அளவைப் போட்டால் சர்க்கரை தரைக்குப் போகும். இன்சுலின் ஊசிக்கும் இதே கதைதான். மெட்ஃபார்மின் மட்டும் போடுகிறவருக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. பெயர் கிளிப்டின் என்று முடியும் மாத்திரை வகைக்கும் அப்படியே. சிக்கல் என்னவென்றால், தன் மாத்திரை எந்த வகை என்று பலருக்குத் தெரியாது. “வெள்ளையா, நீளமா இருக்கும்” என்பார்கள். அந்த ஒரு நீளமான மாத்திரைக்குள் இரண்டு மூன்று மருந்து இருக்கும். அட்டையின் பின்பக்கத்தைப் படித்தால் போதும்.

சர்க்கரை 70க்குக் கீழே போனால் அது தாழ்சர்க்கரை. 15 கிராம் குளுக்கோஸ், அதாவது மூன்று தேக்கரண்டி அளவு, தண்ணீரில் கரைத்துக் குடித்து 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நேரே ஆஸ்பத்திரிதான். நினைவோடு இருப்பவருக்குக் குளுக்கோஸ் இல்லாவிட்டால் சாதாரணமாகச் சீனித் தண்ணீரும் போதும். ஆனால் மாத்திரையில் வோக்லிபோஸோ அகார்போஸோ சேர்ந்திருந்தால், குடலில் சீனி உடைவதைத் தாமதப்படுத்துவதே அந்த மருந்தின் வேலை. அவர்களுக்கு மருந்துக்கடை குளுக்கோஸ் பொடியே வேண்டும். அவசரத்துக்கு அல்வாவைக் கொடுத்தவர்களும் நம் ஊரில் உண்டு. அத்தனை நெய் இருக்கும்போது சர்க்கரை ரத்தத்தில் ஏற நேரமாகும். அல்வாவை வேறு நல்ல நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, கிளிமிபிரைடு வகை நெடுநேரம் வேலை செய்யும். ஏறிய சர்க்கரை சில மணி நேரத்தில் மறுபடி இறங்கலாம். “சரியாப் போச்சு” என்று படுக்கப் போட்டுவிடாதீர்கள்.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. டாபாகிளிஃபுளோசின், எம்பாகிளிஃபுளோசின் போல, பெயர் கிளிஃபுளோசின் என்று முடியும் மாத்திரைகள், சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுபவை. 2020இல் டாபாகிளிஃபுளோசினின் காப்புரிமை நம் நாட்டில் முடிந்து விலை இறங்கியபிறகு இதைப் போடுகிறவர்கள் நிறைய. இதய பலவீனத்துக்கும் சிறுநீரகக் கோளாறுக்கும்கூட எழுதுகிறார்கள். நல்ல மருந்துதான். ஆனால் இதைப் போட்டுக்கொண்டு கீட்டோவும் இருந்தால், உடம்பில் கீட்டோன், அதாவது கொழுப்பு எரியும்போது உண்டாகும் பொருள், அளவுக்கு மீறி ஏறி ரத்தம் அமிலமாகிவிடலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2015இலேயே இந்த மாத்திரைகள் பற்றி எச்சரித்தது.

வழக்கமாக இந்தக் கோளாறு வரும்போது சர்க்கரை முந்நூறு, நானூறு என்று எகிறி நிற்கும். இந்த மாத்திரையில் அப்படி ஏறாமலேயே வரும். இந்த மாத்திரையோடு கீட்டோவும் இருந்த அம்பாசமுத்திரம் பக்கத்து டீச்சரம்மா ஒருவருக்கு வாந்தி, வயிற்றுவலி, எழுந்து நடக்க முடியாத அசதி. மீட்டரில் 180 காட்டியதால், சுகர் பரவாயில்லை, இது வாய்வுதான் என்று வீட்டில் ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மூச்சு ஆழமாக வாங்க ஆரம்பித்தபிறகுதான் கொண்டுபோனார்கள். கீட்டோன் பார்த்த டாக்டர் நேரே தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார். பிழைத்துக்கொண்டார். அவருக்கு டயட் சொல்லிக்கொடுத்தவர் மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. காசு வாங்கிக்கொண்டு அட்டவணை தருகிறவருக்கு அதைக் கேட்க அரை நிமிடம் ஆகுமா?

ரத்த அழுத்த மாத்திரையும் இந்தக் கணக்கில் சேர்த்திதான். மாவுச்சத்தைக் குறைத்ததும் இன்சுலின் இறங்கும், சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் கூடுதலாக வெளியேற்றும். ஏற்கெனவே நீர் பிரியும் மாத்திரை போடுகிறவர் சித்திரை வெயிலில் திடீரென்று எழுந்தால் கண் இருட்டும்.

“டயட்டால் சுகரையே விரட்டலாம்” என்ற விளம்பரங்களுக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது பிரிட்டனில் நடந்த டைரெக்ட் ஆய்வு. ஒரு நாளைக்கு 825 முதல் 853 கலோரி கொடுத்தார்கள். ஒரு வருஷத்தில் 46 சதவீதம் பேர் மாத்திரையில்லாமலே சர்க்கரை நோய் எல்லையிலிருந்து வெளியே வந்தார்கள். உண்மைதான். அதே ஆய்வில் முதல் நாளே சர்க்கரை மாத்திரைகளையும் ரத்த அழுத்த மாத்திரைகளையும் நிறுத்தினார்கள், மருத்துவக் கண்காணிப்போடு, தேவைப்பட்டவருக்குத் திரும்பத் தொடங்கும் ஏற்பாட்டோடு. இந்தப் பாதியை எந்த விளம்பரமும் சொல்வதில்லை. அதற்காக நீங்களே மாத்திரையை நிறுத்திவிடவும் கூடாது. முதல் வகைச் சர்க்கரை நோய்க்காரர், அதாவது உடம்பில் இன்சுலினே ஏறக்குறைய சுரக்காதவர், இன்சுலினை எந்த டயட்டுக்காகவும் நிறுத்தவே கூடாது.

மேலப்பாளையத்தில் விஷயம் தெரிந்த பெரியவர்கள் ரமலான் வருவதற்கு முன்பே டாக்டரிடம் போய், “நோன்பு வைக்கேன், மாத்திரைய எப்படி மாத்திப் போட?” என்று கேட்டுவிடுவார்கள். பகலில் பட்டினி கிடக்கப்போகும் உடம்புக்கு வேறு அளவு வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். பதினாறு மணி நேரப் பட்டினி இருக்கிற மற்றவர்களும் அதையே கேட்கலாம்: “இந்தத் தேதியிலிருந்து சோற்றைப் பாதியாகக் குறைக்கப் போகிறேன், எந்த மாத்திரையைக் குறைக்கணும், எப்போ திரும்பப் பார்க்கணும்?” முதல் இரண்டு வாரம் காலையிலும் சாப்பாட்டுக்கு முன்பும் மீட்டரில் பார்த்து எழுதி வைத்தால் டாக்டருக்கும் வேலை சுலபம்.

முதல் வாரத் தராசை நம்புவது

சோற்றை விட்ட முதல் வாரத்தில் இரண்டு கிலோ இறங்கினால் அதில் பெரும்பங்கு தண்ணீர். ஈரலிலும் தசையிலும் உடம்பு சேர்த்து வைத்த சர்க்கரையான கிளைக்கோஜன் ஒவ்வொரு கிராமும் தன்னோடு ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அது தீர்ந்ததும் தண்ணீரும் போகும். ஒரு கல்யாண வீட்டில் இலை போட்டு உட்கார்ந்தால் மறுநாளே பாதி திரும்பிவிடும். இரண்டுக்கும் பதற வேண்டாம். இடுப்புச் சுற்றளவைப் பாருங்கள்: ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. என்பது இந்தியர்களுக்கான எல்லை.

டயட்டுக்கு டயட் சண்டை போடுவது

எடையை மட்டும் பார்த்தால் சண்டைக்கு இடமே இல்லை. 2018இல் ஸ்டான்ஃபோர்டில் 609 பேரை வைத்து ஒரு வருஷம் ஒப்பிட்டார்கள். கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோ இறக்கினார்கள், மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோ. கணக்கில் எடுக்கும்படியான வித்தியாசம் இல்லை. ஆனால் ஒரே குழுவுக்குள் நிறைய இறக்கியவரும் இருந்தார், எடை கூடியவரும் இருந்தார். 2022இல் சீனாவில் 139 பேரிடம் பார்த்தபோது, கலோரியைக் குறைத்தவர்களும், அதே கலோரியை எட்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடித்தவர்களும் ஏறத்தாழ ஒரே நிலையில்தான் வந்து நின்றார்கள். நேரத்தைச் சுருக்குவது சிலருக்குக் குறைவாகச் சாப்பிட உதவும். மதியம் பன்னிரண்டு வரை காய்ந்துவிட்டு மாலை நாலு மணிக்கு மிக்சர் பொட்டலத்தைக் காலி செய்கிறவருக்கு உதவாது.

உங்கள் உடம்பில் எது கோளாறு என்று பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். கீட்டோ 1921இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் வலிப்பு நோய்க்காக உருவானது. சர்க்கரையும், ரத்தக் கொழுப்பில் ஒரு வகையான டிரைகிளிசரைடும் நன்றாக இறங்கும். சிலருக்குக் கெட்ட கொழுப்பான எல்டிஎல் கண்டபடி ஏறும். அதனால் தொடங்குமுன் ஒன்று, மூன்று மாதத்தில் ஒன்று என்று ரத்தப் பரிசோதனை இல்லாமல் நான் யாருக்கும் சரி சொல்வதில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர், கர்ப்பிணி இருவருக்கும் வேண்டவே வேண்டாம்.

ரத்த அழுத்தம்தான் கவலை என்றால், அதைக் குறைக்கவே வகுத்த டாஷ் என்ற உணவுமுறை. 1997இல் வந்த அந்த ஆய்வில் எடையை மாறாமல் வைத்திருந்தும், காய்கறி, பழம், கொழுப்புக் குறைந்த பால் பொருள்களைக் கூட்டியே அழுத்தத்தை இறக்கிக் காட்டினார்கள். உப்பையும் குறைத்தால் இன்னும் இறங்கும். இங்கே அதற்கு எதிரிகள் அப்பளம், ஊறுகாய், கருவாடு, மோர் மிளகாய்.

இதயத்துக்கு மத்தியதரைக் கடல் நாட்டு முறைக்குப் பலமான ஆதாரம் இருக்கிறது. அதற்காக விலை கொடுத்து ஆலிவ் எண்ணெய் வாங்க ஓட வேண்டாம். பயறு, காய்கறி, மீன், கொட்டை வகை, குறைந்த இறைச்சி என்பதுதான் அதன் அடிப்படை. தேங்காய் அளவாகப் போட்ட அவியல், காணத் (கொள்ளு) துவையல், சாளை மீன் புளிக்குழம்பு, சோறு மட்டும் பாதி. நான் பெரும்பாலோருக்கு எழுதித் தருவது இதைத்தான். பெயர் இல்லாத டயட் என்பதால் சிலருக்கு ஏமாற்றம். ஆனால் அடுத்த வருஷம் ஆனித் தேரோட்டத்தின்போதும் இதைச் சாப்பிட்டுக்கொண்டிருக்க முடியும்.

பயறைக் கைவிடுவது

சோற்றைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் ஒன்றும் வைக்காமல் விட்டால் கொழுப்போடு தசையும் கரையும். வயதான பெண்களுக்கு இது பெரிய நஷ்டம். பிறகு குத்துக்காலிட்டு எழ முடியாது. காணம், சிறுபயறு, உளுந்து எல்லாமே நூறு கிராமுக்கு இருபது கிராமுக்கு மேல் புரதம் உள்ளவை. முட்டை ஒன்றில் ஆறு கிராம். உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் டயட்டுக்கு ஆகாது என்று யார் சொன்னது? தட்டைக் குவிக்காமல் இருந்தால் சரி.

சிறுதானியம், கருப்பட்டி

நூறு கிராம் அரிசியும் நூறு கிராம் சாமையும் ஏறக்குறைய ஒரே கலோரி. நார்ச்சத்து கூடுதல், அவ்வளவுதான். கருப்பட்டியும் சர்க்கரைதான்.

டீடாக்ஸ் ஜூஸ்

வேண்டாம்.

அவசர அவசரமாக இறக்குவது

வாரத்துக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் இறங்கினால் பித்தப்பையில் கல் சேரும் வாய்ப்பு கூடுகிறது. எண்ணெயே தொடாமல் இருந்தால் பித்தப்பை சுருங்கி விரிய வேலையில்லாமல் பித்தம் தேங்குவதும் அதோடு சேர்ந்துகொள்ளும். ஒரு வேளைச் சாப்பாட்டிலாவது கொஞ்சம் நல்லெண்ணெய் இருக்கட்டும். எடை மளமளவென்று இறங்கும் நாட்களில், சாப்பிட்டபின் வலது விலாவுக்குக் கீழே பிடித்து, தோள்பட்டை வரை வலி போனால், அதை வாய்வு என்று விட்டுவிடாமல் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.