பாத்ரூம் புதுப்பிக்க மூன்று கொட்டேஷன் வந்தாச்சு: எப்படி ஒப்பிடுவது, எங்கே பேரம் பேசுவது

மூன்று மேஸ்திரிகளிடம் கேட்கிறீர்கள். ஒருவர் 36,000 என்கிறார், இன்னொருவர் 43,500, மூன்றாமவர் 48,000. மூவரும் எழுதியிருப்பது "பாத்ரூம் ஃபுல் வேலை, லேபர் மட்டும்". இந்த மூன்று தொகையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து ஒரு பயனும் இல்லை. மூவர் மனதிலும் இருப்பது மூன்று வேறு வேலை. மூன்றையும் ஒரே வேலையாக மாற்றிய பிறகுதான் எது குறைவு என்றே தெரியும். (இந்தத் தொகைகள் கணக்குப் புரிவதற்காக. உங்கள் ஊர் ரேட் வேறாக இருக்கும்.)

படி 1: அளவை நீங்களே எடுங்கள்

5 மீட்டர் இரும்பு டேப் போதும், பாத்ரூமுக்கு லேசர் மீட்டர் தேவையில்லை. 5க்கு 7 அடி பாத்ரூம் என்று வைத்துக்கொள்வோம். தரை 35 சதுரடி. சுற்றளவு 24 அடி, 7 அடி உயரத்துக்கு டைல்ஸ் என்றால் சுவர் 168. இரண்டரை அடிக் கதவைக் கழித்தால் சுமார் 150. ஆக மொத்தம் 185 சதுரடி.

டைல்ஸ் வாங்கும்போது உடைசலுக்கு 10 சதவீதம் சேர்த்து 204 சதுரடி வாங்குவீர்கள். கூலி 185க்குத்தான். வாங்கிய பெட்டிக் கணக்கில் கூலி கேட்பவர்களும் உண்டு, அதனால் "ஒட்டின பரப்புக்குத்தான் கூலி" என்று முதலிலேயே பேசிவிடுங்கள். சின்ன ஜன்னலைக் கழிக்கமாட்டேன் என்றால் விட்டுவிடலாம். அதைச் சுற்றி வெட்டி ஒட்டும் வேலை அவருக்கு அதிகம்.

டைல்ஸ் அளவை முடிவு செய்யாமல் யாரையும் கூப்பிடாதீர்கள். 12க்கு 18 இன்ச் டைல்ஸுக்கும் 2க்கு 4 அடி டைல்ஸுக்கும் கூலி ஒன்றல்ல. ஓரத்தை 45 டிகிரியில் மைட்டர் வெட்டினால் அது தனியாக ரன்னிங் அடிக் கணக்கு (பரப்பை விட்டு, நீளத்தை மட்டும் அடியில் அளப்பது).

படி 2: மூவருக்கும் ஒரே வாட்ஸ்அப் செய்தி

வாயால் சொன்னால் மூவருக்கும் மூன்று விதமாகத்தான் சொல்வோம். கீழே உள்ளதை உங்கள் அளவுக்கு மாற்றி அப்படியே அனுப்புங்கள்:

"பழைய டைல்ஸ், பூச்சு கொத்தி எடுப்பது. ரப்பிஷ் வண்டி வைத்து அகற்றுவது. சுவரில் காடி வெட்டி சுடுதண்ணிக்கு சிபிவிசி பைப், டைவர்ட்டர் பதிப்பது. பிரஷர் டெஸ்ட். வாட்டர் ப்ரூஃப் (தரை எத்தனை, சுவர் எத்தனை சதுரடி). தண்ணி கட்டி 48 மணி நேரம் டெஸ்ட். டைல்ஸ் 185 சதுரடி, பேஸ்ட் வைத்து. கிரவுட். கிளாசெட், வாஷ்பேசின், டேப், கீசர் மாட்டுவது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ரேட் போடுங்க அண்ணே."

(காடி என்பது பைப் பதிக்கச் சுவரில் வெட்டும் பள்ளம். சிபிவிசி சுடுதண்ணி தாங்கும் பிளாஸ்டிக் பைப். டைவர்ட்டர் சுடுதண்ணி, பச்சைத்தண்ணியைக் கலந்து ஷவருக்கும் டேப்புக்கும் திருப்பிவிடுவது. பேஸ்ட் டைல்ஸ் ஒட்டும் பசை. கிரவுட் டைல்ஸ் இடுக்கை நிரப்புவது. கிளாசெட் வெஸ்டர்ன் டாய்லெட்.)

தனித்தனியாகப் போடமாட்டேன், மொத்தமாகத்தான் சொல்வேன் என்பவரும் இருப்பார். அவரிடம் தொகையைப் பிரிக்கச் சொல்லவேண்டாம். எதெது சேர்த்தி, எதெது இல்லை என்று மட்டும் வரிவரியாக "ஆமா, இல்லை" வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கும் மறுத்தால் அவரை விட்டுவிடுங்கள்.

ரப்பிஷ் வரியைச் சாதாரணமாக நினைக்கவேண்டாம். சங்கன் பாத்ரூமில் (கான்கிரீட் தளத்தைப் பள்ளமாக இறக்கி, பைப் போட்டு மேலே நிரப்பியது) உள்ளே நிரப்பியதையும் எடுக்கவேண்டி வந்தால், 1 அடிப் பள்ளத்தில் 35 கன அடி இடிபாடு. ஒன்றரை டன்னை ஒட்டி வரும், குட்டியானையில் ஒரே நடையில் போகாது. லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி என்றால் இறக்கும் கூலி தனி.

படி 3: வாட்டர் ப்ரூஃப், இங்கேதான் எல்லோரும் ஏமாறுவது

"வாட்டர் ப்ரூஃப் உண்டு" என்று பலரும் சொல்வார்கள். எத்தனை சதுரடி என்று கேளுங்கள். தரைக்கு மட்டும் அடித்தால் 35. முறையாகச் செய்தால் தரை 35, சுற்றிலும் சுவரில் 1 அடி ஏற்றினால் கதவு போக 21, குளிக்கும் பக்கம் 11 அடி நீளச் சுவரில் மேலும் 6 அடி உயரத்துக்கு 66. மொத்தம் 122 சதுரடி. தரைக்கு மட்டும் விலை சொன்னவர் இதில் மூன்றில் ஒரு பங்குகூடச் செய்யப்போவதில்லை. அவர் ரேட் குறைவாக இருப்பதில் என்ன ஆச்சரியம்?

அடுத்த கேள்வி, எதை அடிப்பார்கள்? சிமெண்ட் பாலில் ஏதோ ஒரு லிக்விட் கலந்து ஒரு கோட் ஊற்றுவதையும் வாட்டர் ப்ரூஃப் என்றுதான் சொல்வார்கள். பவுடரும் லிக்விடும் சேர்ந்து வரும் இரண்டு பாக ரகம் வேண்டும் என்று எழுதிவிடுங்கள். டாக்டர் ஃபிக்ஸிட் பிடிஃபின் 2கே, ஃபோஸ்ராக் பிரஷ்பாண்ட் போன்றவை அந்த ரகம். அந்த வாட்டர் ப்ரூஃப் வாளியை நீங்களே வாங்கிக் கொடுப்பதுதான் நல்லது. இரண்டு கோட், முதல் கோட்டுக்குக் குறுக்காக இரண்டாவது.

தண்ணீர் பெரும்பாலும் தரையின் நடுவில் இறங்குவதில்லை. தரையும் சுவரும் சேரும் மூலையிலும், நஹானி ட்ராப்பை (தரைத் தண்ணீர் வெளியேறும் துளை) சுற்றியும், பைப் துளையிலும்தான் இறங்கும். மூலையைக் கலவையால் வளைவாகப் பூசிவிட்டு அதன்மேல் அடிக்கிறாரா, ட்ராப்பைச் சுற்றி வலை வைக்கிறாரா என்று கேளுங்கள். கேட்டதும் பதில் வந்தால் அவர் இந்த வேலையைச் செய்தவர்.

டெஸ்ட் இப்படி: ட்ராப்பைத் துணியும் பிளாஸ்டிக் கவரும் வைத்து அடைத்து, 2 இன்ச் தண்ணீர் கட்டி, சுவரில் பென்சிலால் கோடு போடுங்கள். 48 மணி நேரம் கழித்துக் கோட்டைவிட ஒரு நூல் (அரைக்கால் இன்ச்) இறங்கியிருந்தால் அது ஆவியானதாக இருக்கலாம். அரை இன்ச் இறங்கினால் கசிவு. கீழ்வீட்டுக் கூரையையும் போய்ப் பாருங்கள். டைல்ஸ் போட்ட பிறகு இந்த டெஸ்ட் செய்து புண்ணியமில்லை.

படி 4: சமப்படுத்துங்கள்

எக்செல் வேண்டாம், ஒரு நீள நோட்டுப் பக்கம் போதும். இடது பக்கம் வேலைகள், வலது பக்கம் மூன்று பத்தி. இல்லாத இடத்தில் மற்றவர் சொன்ன ரேட்டைப் போடுங்கள். 36,000 சொன்னவரிடம் வாட்டர் ப்ரூஃப் இல்லை (6,000), ரப்பிஷ் இல்லை (3,500), ஃபிட்டிங் மாட்டுவது இல்லை (4,000). அவர் கணக்கு 49,500. 43,500 சொன்னவரிடம் ரப்பிஷ் மட்டும் இல்லை, 47,000. 48,000 சொன்னவர் எல்லாமே சேர்த்திருக்கிறார். முதலில் 12,000 வித்தியாசம் தெரிந்தது, இப்போது மூவரும் 2,500க்குள் நிற்கிறார்கள். குறைந்தவராகத் தெரிந்தவர்தான் அதிகம்.

ஒட்டும் முறையையும் இங்கே பாருங்கள். விட்ரிஃபைடு டைல்ஸ் அரை சதவீதம்கூடத் தண்ணீர் உறிஞ்சாது. சிமெண்ட் பால் அதன் முதுகில் பிடிக்காது, அதற்குப் பேஸ்ட்தான். உறிஞ்சும் தன்மையுள்ள செராமிக் சுவர் டைல்ஸுக்குச் சிமெண்ட் ஓரளவு நிற்கும். பேஸ்ட்டையும் நான்கு மூலையிலும் நடுவிலும் உருண்டையாக வைத்து அழுத்தினால் இடையெல்லாம் வெற்றிடம். பல் வைத்த கரண்டியால் முழுக்க இழுத்து ஒட்டவேண்டும். மறுநாள் நாணயத்தால் தட்டிப் பாருங்கள். டொக்கு சத்தம் வரும் டைல்ஸை அப்போதே மாற்றச் சொல்லுங்கள்.

படி 5: பேரம்

"இன்னொருத்தர் கம்மியாச் சொன்னாரே" என்று ஆரம்பிக்காதீர்கள். மேஸ்திரி 3,000 குறைப்பார். அது அவர் லாபத்திலிருந்து போகாது, இரண்டாவது கோட்டிலிருந்து போகும். இப்படிக் கேளுங்கள்: "அண்ணே, டைல்ஸ் ரேட் சரி. கொத்தி எடுக்கிறதுக்கு மூணு நாள் போட்டிருக்கீங்க. மெஷின் வச்சா ரெண்டு நாள்ல முடியாதா?" வேலையைப் பற்றிக் கேட்டால் வேலையில் பதில் வரும்.

குறைக்கச் சொல்லக்கூடிய இடங்கள்: மைட்டருக்குப் பதில் பீடிங் (மூலையில் வைக்கும் பட்டை), பழைய கதவு நிலையை அப்படியே வைத்துக்கொள்வது, இரண்டு பாத்ரூமை அடுத்தடுத்துக் கொடுப்பது. குறைக்கக் கூடாதவை வாட்டர் ப்ரூஃப், பைப், கீசர் லைனுக்குத் தனி எம்சிபியும் (ஓவர்லோடானால் தானாக ட்ரிப் ஆகும் சுவிட்ச்) 4 சதுர மி.மீ. ஒயரும்.

எதிர்பாராத வேலைக்கும் இப்போதே ரேட் பேசுங்கள். கொத்திய பிறகு துருப்பிடித்த கம்பியோ, அரித்துப்போன ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்போ வெளியே வந்தால் நீங்கள் பேரம் பேசும் நிலையில் இருக்கமாட்டீர்கள். கொத்தனார் ஒரு நாள் இவ்வளவு, சித்தாள் ஒரு நாள் இவ்வளவு என்று அதே வாட்ஸ்அப்பில் இருக்கட்டும். கிளாசெட் வாங்குமுன் முடிந்த சுவரிலிருந்து பழைய எஸ்-ட்ராப் துளையின் (கிளாசெட் கழிவு தரை வழியே இறங்கும் துளை) நடு வரை அளந்துகொள்ளுங்கள். 9 இன்ச் துளைக்கு 12 இன்ச் கிளாசெட் வாங்கி வந்தால் அதுவும் எக்ஸ்ட்ராதான்.

படி 6: பணம்

மேஸ்திரி சனிக்கிழமை ஆட்களுக்குக் கூலி கொடுத்தாகவேண்டும், அதனால் சனிக்கிழமைதோறும் கேட்பார். அது நியாயம். நாளைக் கணக்கிட்டுக் கொடுக்காமல், முடிந்த வேலையைக் கணக்கிட்டுக் கொடுங்கள். அட்வான்ஸ் 15 சதவீதம். கொத்தி முடித்து, பைப் பதித்து, பிரஷர் ஏற்றிய மீட்டர் முள் மறுநாள் காலைவரை இறங்காமல் நின்றால் 25. தண்ணீர் கட்டிய டெஸ்ட் முடிந்ததும் 20. டைல்ஸ், கிரவுட் முடிந்ததும் 20. ஃபிட்டிங் மாட்டியதும் 10. மீதி 10 சதவீதம் 15 நாள் குளித்துப் பார்த்த பிறகு. தரையில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் எங்கும் தேங்காமல் ட்ராப்புக்கு ஓடவேண்டும். 7 அடிக்கு 1 இன்ச் வாட்டம் இருந்தால் ஓடும்.

தீபாவளி, பொங்கலுக்கு இரண்டு வாரம் முன் வேலையை ஆரம்பிக்காதீர்கள். ஆட்கள் ஊருக்குப் போனால் கொத்திப்போட்ட பாத்ரூம் அப்படியே கிடக்கும். டைல்ஸ் ஆட்கள் வடமாநிலத்தவர் என்றால் ஹோலியையும் சத் பூஜையையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பின்னர் சேர்த்தது: பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டித் தருகிறேன் என்று ஒருவர் மிகக் குறைவாகச் சொன்னால், அதை இந்த மூன்றோடு சேர்த்து ஒப்பிடாதீர்கள். கீழ்வீட்டில் ஏற்கனவே ஈரம் இருந்தால் அந்த முறை பயன்படாது. ஈரம் இல்லை என்றால் செய்யலாம், ஆனால் தரை அரை இன்ச்சுக்கு மேல் உயரும். கதவின் அடி உரசுமா, வாசல் கிரானைட் பட்டையைத் தாண்டித் தண்ணீர் அறைக்குள் வருமா என்று டேப் வைத்துப் பார்த்துவிட்டுச் சரி சொல்லுங்கள். அடுக்குமாடி வீடு என்றால் கொத்தும் வேலைக்கு எந்த நேரம் அனுமதி என்று அசோசியேஷனில் கேட்டு, அதையும் முதல் செய்தியிலேயே எழுதுங்கள். காலை 10 முதல் மாலை 5 வரை மட்டும் என்றால் கொத்தும் நாட்கள் கூடும், மேஸ்திரியின் ரேட்டும் அதற்கேற்ப மாறும்.