ஏர் ரைஃபிளுக்கு எந்தப் பெல்லட்? துப்பாக்கியிடமே கேளுங்கள்

துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் இரண்டாவது வாரமே கேட்டுவிடுவார்கள்: "அண்ணா, எந்தப் பெல்லட் டின் வாங்கணும்?" பெல்லட் என்றால் ஏர் ரைஃபிளில் போடும் சின்ன ஈயக் குண்டு. நான் திருப்பிக் கேட்பேன்: "கேரம் ஆடுவியா? யாரோட ஸ்ட்ரைக்கர்ல ஆடுவே?" தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டைப் பக்கம் கேரம் தெரியாத பிள்ளையைத் தேடத்தான் வேண்டும். "என்னோடதுலதான்" என்று உடனே பதில் வரும். அடுத்தவன் ஸ்ட்ரைக்கரில் கை வராது என்று அவர்களுக்கே தெரியும். ஏர் ரைஃபிளில் அந்தப் பிடிவாதம் துப்பாக்கியின் குழலுக்கு உண்டு. ஒரே கம்பெனி, ஒரே மாடல் என்று இரண்டு ரைஃபிள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும், ஒன்றுக்குப் பிடித்த பெல்லட் மற்றதற்குப் பிடிக்காமல் போகும்.

இங்கே சொல்வது 10 மீட்டர் ஏர் ரைஃபிளுக்கும் ஏர் பிஸ்டலுக்கும். இரண்டையும் சுடுகிறவர்களுக்கு நடுவில் ஒரு வார்த்தை தனியாக உண்டு.

படி 1: வடிவம்

ஒரு பெல்லட்டை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். குட்டி உடுக்கை மாதிரி இருக்கும். நடுவில் இடை ஒடுங்கி, முன்பக்கம் தலை, பின்பக்கம் உள்ளே குழிந்த பாவாடை. காற்று அந்தக் குழிக்குள் அடித்துப் பாவாடையை விரிக்கும். அது குழலின் உள்வரிகளோடு இறுகிக்கொள்வதால்தான் காற்று பக்கவாட்டில் கசியாது.

போட்டிக்குத் தட்டைத் தலை, 4.5 மி.மீ., ஈயம். வேறு வேண்டாம். தட்டைத் தலை பஞ்சிங் மிஷின் போலப் பேப்பரில் வட்டமாக ஓட்டை வெட்டும், ஸ்கோர் பார்க்கச் சண்டை வராது. கூர்முனை பேப்பரைக் கிழித்துக்கொண்டு போகும். "இது நல்லா உள்ள இறங்கும்" என்று கடைக்காரர் கூர்முனையை நீட்டினால் வாங்காமல் வந்துவிடுங்கள். நாம் துளைக்கப் போவது ஒரு தாளை.

படி 2: எடை

ரைஃபிளுக்குச் சுமார் 0.53 கிராம், பிஸ்டலுக்கு அதைவிடக் கொஞ்சம் லேசாக, 0.45 முதல் 0.49 வரை. டின்னிலேயே போட்டிருக்கும். இரண்டையும் சுடுகிறவர், கையில் காசு கம்மி என்றால், முதலில் லேசானதையே இரண்டுக்கும் போடலாம். குடி முழுகாது.

சௌகார்பேட்டையில் நகைக் கடைக்காரர்கள் வைத்திருப்பது போன்ற சின்னத் தராசு ஒன்று வாங்கி, ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒவ்வொரு பெல்லட்டாக நிறுத்துப் பார்த்தவன் நான். மலிவு டின்னில் 0.51-உம் இருந்தது, 0.55-உம் இருந்தது. போட்டிக்கென்றே செய்த நல்ல மேட்ச் டின்னில் முள் அசைய மறுத்தது. அதனால் மேட்ச் டின் வாங்குகிறவர் நிறுத்துக்கொண்டு உட்கார வேண்டாம். மலிவு டின்னைப் பிரிக்க ஆசைப்பட்டால் 0.001 கிராம் காட்டும் தராசு வேண்டும். 0.01 மட்டும் காட்டுவதில் பாதி வித்தியாசம் தெரியாது.

படி 3: தலையின் அளவு

டின்னில் 4.49, 4.50, 4.51 என்று ஒரு எண் இருக்கும். அது தலையின் விட்டம். நூற்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும், ஆனால் குழல் அதைக் கண்டுபிடித்துவிடும். எச் அண்ட் என், ஆர்.டபிள்யூ.எஸ்., ஜே.எஸ்.பி. என எந்தக் கம்பெனியாக இருந்தாலும் முதலில் முழு டின் வாங்காதீர்கள். ரேஞ்சில் நாலு பேரிடம் நாலு விதம் இருக்கும். ஆளுக்கு இருபது கேளுங்கள், தருவார்கள்.

"இளவேனில் அக்கா என்ன பெல்லட் போடுறாங்க?" என்று ஒரு பெண் கேட்டாள். கடலூரில் பிறந்த ஏர் ரைஃபிள் வீராங்கனை இளவேனில் வாலறிவன் மேல் நம் பிள்ளைகளுக்கு அவ்வளவு பிரியம். நல்ல கேள்விதான். ஆனால் அவர் ரைஃபிளின் குழல் உன் ரைஃபிளில் இல்லையே, கண்ணு.

படி 4: சுட்டுப் பார்ப்பது

நின்று சுட்டுச் சோதிக்காதீர்கள். உங்கள் கை ஆட்டமும் பெல்லட்டின் ஆட்டமும் கலந்துவிடும். மேஜை போட்டு, அரிசி நிரப்பிய துணிப்பை மேல் ரைஃபிளைக் கிடத்துங்கள். சிலிண்டரில் காற்று நிரம்ப இருக்கட்டும். பெல்லட் மாற்றும்போது முதல் ஐந்தாறு குண்டுகளைக் கணக்கில் சேர்க்காமல் சும்மா சுடுங்கள். பழைய ஈயத்தின் பூச்சு குழலிலிருந்து போய்ப் புதியது படிய வேண்டும். அப்புறம் ஒரே புள்ளியைப் பார்த்துப் பத்துக் குண்டு. குண்டு எங்கே விழுகிறது என்று பார்த்துச் சைட்டை, அதாவது குறிபார்க்கும் கருவியை, திருப்பக் கூடாது. மையத்தில் விழ வேண்டியதில்லை, ஒன்றாக விழுந்தால் போதும்.

பத்தும் சேர்ந்து போட்ட ஓட்டையை வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை அளந்து 4.5-ஐக் கழியுங்கள். அதுதான் குரூப். ஒவ்வொரு விதத்துக்கும் இரண்டு, மூன்று முறை செய்து, பேப்பர் ஓரத்தில் பெயரையும் தலை அளவையும் எழுதி வையுங்கள்.

எவ்வளவு இருந்தால் நல்லது? கணக்குப் போட்டுப் பாருங்கள். ரைஃபிள் டார்கெட்டில் பத்துக்குரிய புள்ளி 0.5 மி.மீ. தான். பெல்லட்டின் விளிம்பு அதைத் தொட்டாலே பத்து. அதாவது பெல்லட்டின் நடு, மையத்திலிருந்து 2.5 மி.மீ.க்குள் விழ வேண்டும். அதற்குள்ளும் 10.0-லிருந்து 10.9 வரை தசமம் உண்டு. ஒவ்வொரு 0.1-க்கும் கால் மில்லிமீட்டர். நீங்கள் சரியாகச் சுட்டும் பெல்லட் ஒரு மில்லிமீட்டர் தள்ளிக்கொண்டு போனால் 0.4 போச்சு. போட்டியில் 60 குண்டு, பெருக்கிக்கொள்ளுங்கள். நல்ல ரைஃபிளில் ஒத்துப்போன பெல்லட் என்றால் பத்துக் குண்டின் மொத்த ஓட்டையும் 6 மி.மீ. பக்கம்தான் இருக்கும்.

பிஸ்டலில் பத்து வளையமே 11.5 மி.மீ. தொடக்கத்தில் இந்தத் தலைவலி அவர்களுக்குக் கிடையாது.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். நின்று சுட்டால் உங்கள் குரூப் மூன்று சென்டிமீட்டர் என்றால் குறை பெல்லட்டில் இல்லை. முதல் மூன்று மாதம் மலிவு டின்னே போதும். மிச்சக் காசுக்கு நல்ல ஷூ வாங்குங்கள்.

படி 5: லாட் நம்பர்

டின்னின் அடியில் அல்லது ஸ்டிக்கரில் ஒரு லாட் எண் இருக்கும். ஒரே தடவையில் செய்த தொகுதிக்கு ஒரே எண். ஒரே பெயர், ஒரே தலை அளவு என்றாலும் லாட் மாறினால் குரூப் மாறலாம். அச்சு தேயும், புது அச்சு வரும். அதனால் பிடித்த லாட் கிடைத்தால் கடையில் உள்ளதை எடுத்துவிடுங்கள். 500 பெல்லட் டின், ஒரு நாளைக்கு 80 சுட்டால் ஒரு வாரம்கூட முழுசாக வராது. நாலு பேர் சேர்ந்து வாங்கினால் பாரம் தெரியாது. ஆனால் நாலு பேரும் அவரவர் ரைஃபிளில் சோதித்த பிறகு!

படி 6: கொண்டு போவது, வைப்பது

என் முதல் நல்ல டின்னை ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் போட்டுக்கொண்டு எண்ணூர் விரைவு சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வந்தேன். ஒரு பள்ளம் விடவில்லை. வீட்டில் திறந்தால் பாதிப் பெல்லட்டின் பாவாடை நசுங்கி வட்டம் முட்டையாகியிருந்தது. ஈயம் நகம் பட்டாலே அமுங்கும். இப்போது மூடிக்கு அடியில் ஒரு ஸ்பாஞ்சு வட்டம் வெட்டி வைத்து, டின்னை ஆட்டினால் சத்தம் வராதபடி இறுக்கித்தான் எடுத்துப்போகிறேன்.

ராயபுரம், காசிமேடு மாதிரி கடற்கரை வீடுகளில் இன்னொரு தொல்லை, ஈரக் காற்று. ஐப்பசி, கார்த்திகையில் திறந்து வைத்த டின்னில் வெள்ளைத் தூள் பூக்கும். தூள் பூத்ததைப் பயிற்சிக்குக்கூடப் போடாதீர்கள். புது ஷூ பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை டின்னோடு சேர்த்து மூடியிறுகிய டப்பாவில் வையுங்கள்.

அந்தத் தூளும், தொட்டுத் தொட்டு விரலில் ஏறும் கருப்பும் ஈயம். பெல்லட்டை வாயில் கவ்விக்கொண்டு லோடு செய்யும் பழக்கம் சிலருக்கு உண்டு, பார்த்தால் திட்டுவேன். ரேஞ்சை விட்டு வந்ததும் நேரே அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடைக்குப் போகிற கூட்டம் எங்களுடையது. கடைக்காரர் முட்டையை உடைப்பதற்குள் குழாயடியில் சோப்புப் போட்டு, நகக்கண் வரை தேய்த்துக் கழுவிவிட்டு வந்து உட்காருங்கள்.